குலத்தின் குறையா?

ஜவ்வாது மலையில் நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில், நன்கு பயின்ற மாணவன் ஒருவன் யாரோ தன்னை ஏசுவதாகக் கூறி அஞ்சத் தொடங்கினான். 'அஃது அவர்கள் குலத்து நோய்' என்றனர் ஊரார். அவன் தமக்கையைப் பெண் கேட்டு வந்தோரும் திரும்பிச் சென்றனர். மாணவர்களே, ஊரார் கூற்றில் உண்மை எவ்வளவு?

மனச்சிதைவு நோய் நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது. நோயுற்றோரின் உடன்பிறந்தாருள் அது நூற்றுக்கு ஒன்பது பத்தாக உயர்கிறது. ஆகவே மரபுக்குப் பங்குண்டு. ஆயின், ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. எனினும் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவருக்கும் காண்பது ஏறக்குறைய பாதியளவே. மரபே விதியாயின் இருவருள் ஒருவரும் தப்ப இயலாதன்றோ?

டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அறிஞருடன் சேர்ந்து இக்காரணத்தைத் தேடியது. 2019-இல் வெளிவந்த ஆய்வு, நியாசின் என்னும் வைட்டமினை உடல் பயன்கொள்ள உதவும் மரபணு ஒன்றைச் சுட்டியது. 2022-இல் உலகளாவிய ஆய்வொன்று, நோயோடு தொடர்புடைய 287 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. ஒவ்வொன்றின் வலிமையும் மிகச் சிறிது; அங்குக் காணும் மாறுதல்களுட் பல நலமாய் வாழ்வோரிடமும் உள்ளன. அவ்வாறாயின், எக்குலத்தை நாம் பழிப்பது?

என் மாணவன் மருத்துவம் பெற்றுத் தேறித் தன் நிலத்தில் சாமை விதைத்தான். நோய் கண்டவரை மருத்துவரிடம் விரைந்து அழைத்துச் செல்லுங்கள். அவர்தம் குலத்தை ஆராயாதீர்கள்.