எல்பின்ஸ்டன் முதல் சாப்ளின் வரை

கொல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் நியூ மார்க்கெட் பக்கம் போகாதவர்கள் இருக்க முடியாது. அந்த மார்க்கெட்டுக்கும் மாநகராட்சித் தலைமை அலுவலகத்துக்கும் அருகில், சௌரங்கி பகுதியில், 'சாப்ளின்' என்றொரு சினிமா தியேட்டர் இருந்தது. 2013-ல் அதை இடித்துவிட்டார்கள். ஏதோ ஒரு பழைய கட்டடம் போயிற்று என்றுதான் பலரும் நினைத்தார்கள். இந்தியாவின் முதல் நிரந்தர சினிமா கொட்டகை என்று திரைப்பட வரலாற்றில் இடம்பெற்ற கட்டடம் அது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் முதல் பெயர் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ். 1907-ல் அதைத் தொடங்கியவர் ஜாம்ஷெட்ஜி பிராம்ஜி மதன் என்ற பார்சி வணிகர். நாடகக் கம்பெனியில் எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். 1902-ல் கல்கத்தா மைதானத்தில் கூடாரம் அடித்து 'பயாஸ்கோப்' காட்டினார். கூடாரத்தில் காட்டிய படத்துக்குக் கூரையும் சுவரும் தந்ததுதான் எல்பின்ஸ்டன்.

அங்கிருந்து மதனின் தொழில் விரிந்தது. படம் எடுப்பது, வெளிநாட்டுப் படங்களை வரவழைப்பது, ஊர் ஊராக அனுப்புவது, சொந்தத் தியேட்டரில் ஓட்டுவது என எல்லாம் ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. 1923-ல் மதன் மறைந்த பிறகும் கம்பெனி வளர்ந்தது. இந்தியா, பர்மா, இலங்கை எங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கொட்டகைகள் அதன் வசம் இருந்தன. 1920-களின் இறுதியில் 'மெலடி ஆஃப் லவ்' என்ற ஹாலிவுட் பேசும் படம் எல்பின்ஸ்டனில் திரையிடப்பட்டது. அதுவரை ஊமைப் படம் பார்த்துப் பழகியவர்களுக்குத் திரை பேசியது எத்தகைய அதிசயமாக இருந்திருக்கும்!

அந்தப் பேசும்பட அலையில்தான் நமக்கும் கல்கத்தாவுக்கும் உறவு ஏற்பட்டது. 1934 வரை சென்னையில் பேசும்பட ஸ்டுடியோவே கிடையாது. ஆகவே தமிழ்ப் படம் எடுத்தவர்கள் நடிகர், பாடகர், சமையல்காரர் சகிதமாக ரயிலேறிக் கல்கத்தா வந்தார்கள். சாமிக்கண்ணு வின்சென்ட்டின் 'வள்ளி திருமணம்' (1933) இங்கே உருவானதுதான். ஏவி.மெய்யப்பனின் முதல் படமான 'அல்லி அர்ஜுனா', எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி' (1937) ஆகியவையும் அப்படியே.

ஆனால் பேசும் படமே மதன் கம்பெனிக்குச் சுமையாயிற்று. புதுக் கருவிகளுக்கான செலவைத் தாங்க முடியாமல் 1930-களில் அது நொடித்தது. கொட்டகைகள் கைமாறின. எல்பின்ஸ்டன் 'மினர்வா' ஆயிற்று. பிறகு அது பாழடைந்து கிடந்தபோது, 1980-களில் மாநகராட்சி புதுப்பித்து 'சாப்ளின்' என்று பெயர் சூட்டியது. சார்லி சாப்ளினுக்குச் செய்த மரியாதை நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு புதுப் பெயரும் பழைய பெயரை மறைத்துவிட்டது. எல்பின்ஸ்டன் என்று கேள்விப்பட்டவர்களும் சாப்ளினைப் பார்த்து அதுதான் இது என்று அறியவில்லை. இடிக்கும்போது பெரிதாகக் கேட்பார் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சென்னை அண்ணா சாலையில் 1913-ல் தோன்றிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கதை வேறு. சில ஆண்டுகளிலேயே அங்கே படம் நின்றது. ஆனாலும் தபால் இலாகா அதை எடுத்துப் பயன்படுத்தியதால் கட்டடம் பிழைத்தது. தபால்தலை சேகரிப்போர் நாடி வரும் இடமாயிற்று. பழையதைக் காக்க, பெரும் பணத்தை விட ஏதேனும் ஓர் உபயோகமும், அது இன்னதென்று அறிந்த நாலு பேரும் போதும் என்பதற்கு இது சான்று.

மதனின் நினைவாகக் கொல்கத்தாவில் இன்று மதன் தெரு இருக்கிறது. அவ்வழியே போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் பேட்டைகளில் மூடிக் கிடக்கும் கொட்டகைகளும் பல உண்டு. அவற்றின் பழைய பெயரென்ன, ஞாயிறு காலைக் காட்சியில் தமிழ்ப் படம் ஓடியதா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஆண்டோடு எழுதி வையுங்கள். கட்டடம் போனாலும் பெயராவது மிஞ்சட்டும்!