பிறநாட்டுச் சந்தையும் அரசாங்க மானியமும்

எமது கமக்காரர் விளைவிக்கும் மரக்கறிகளும் பழங்களும் மாலைதீவுக்கும், வளைகுடா நாடுகளுக்கும், ஐரோப்பாவுக்கும் நெடுங்காலமாக அனுப்பப்பட்டு வருகின்றன. ஆயினும் அவற்றை விளைவித்தவர்களுள் மிகப் பலர் தம் விளைபொருள் கடல் கடந்து செல்வதை அறியாமலே, தோட்டத்து வாயிலில் வியாபாரி கூறும் விலைக்கு விற்றுவிடுகின்றனர். கமக்காரர் குழுக்களும் சிறு தொழில் முயற்சியாளரும் பிறநாட்டுச் சந்தையை நேரடியாக அணுகுதற்கு அரசாங்கம் காலத்துக்குக் காலம் மானியங்களை வழங்குகின்றது. அம்மானியங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும், அவற்றை ஏற்குமுன் பார்க்கவேண்டிய கணக்கு யாது என்பதையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

மானியத்தின் தன்மை

ஏற்றுமதிக்கென வழங்கப்படும் மானியத்தைப் பசளை மானியம் போன்றதெனக் கருதலாகாது. இது பெரும்பாலும் இணைமானியமாகும். அதாவது, ஒரு குழு தன் திட்டத்துக்கு வேண்டிய செலவின் ஒரு பங்கைத் தானே இட்டால் மற்றப் பங்கை அரசாங்கம் இடும். அரசாங்கப் பங்கு பல திட்டங்களில் ஏறக்குறைய அரைவாசியாக இருப்பதுண்டு. பொதிசெய்யும் நிலையம், குளிரறை, நீர்ப்பாசனச் சாதனம், தரச் சான்றிதழ் பெறுஞ் செலவு முதலியன இதனுள் அடங்கும்.

இதற்கு அண்மைக்கால உதாரணம் விவசாயத்துறை நவீனமயமாக்கற் செயற்றிட்டமாகும். இதற்கென 12 கோடி 50 இலட்சம் அமெரிக்க டொலர் கடன் வழங்க உலக வங்கி 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இத்திட்டத்தின் ஒரு பகுதி விவசாய வணிக முயற்சிகளுக்கு இணைமானியம் வழங்கியது. மற்றொரு பகுதி வடக்கு, கிழக்கு, வடமத்தி, மத்தி, ஊவா ஆகிய மாகாணங்களிற் கமக்காரர் குழுக்களை அமைத்து, தெரிந்தெடுத்த பயிர்களைப் புதிய முறையிற் செய்கைபண்ண உதவியது. இராஜாங்கனையில் விளைந்த கதலி வாழைப்பழங்கள் 2022ஆம் ஆண்டின் இறுதியில் துபாய்க்கு அனுப்பப்பட்டமை இத்திட்டத்தின் பயனாகும். ஒரே வகை வாழையைப் பலர் ஒரே முறையில் வளர்த்து, ஒரே நிலையத்திற் கழுவித் தரம்பிரித்துப் பொதிசெய்தமையாலேயே அது கைகூடிற்று. தனி ஒருவர் தோட்டத்துக் குலைகளைக் கொண்டு இதனைச் செய்திருத்தல் இயலாது.

மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம் முதலியவற்றை நடுவோர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தையும், சந்தை பற்றிய தகவலும் வர்த்தகக் கண்காட்சிகளிற் பங்குகொள்ளும் வாய்ப்பும் வேண்டுவோர் 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஏற்றுமதி அபிவிருத்திச் சபையையும் நாடலாம்.

விலைக்கு மானியம் கொடாமை ஏன்?

ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் அரசாங்கம் இத்தனை ரூபா கொடுத்தாலென்ன எனக் கமக்காரர் சிலர் வினவுவதுண்டு. செல்வநாடுகள் முன்னர் அவ்வாறே செய்து வந்தன. அதனாற் பிறநாட்டு உழவர்கள் நட்டமடைந்தனர். ஆதலால், 2015ஆம் ஆண்டு டிசெம்பரில் நைரோபி நகரிற் கூடிய உலக வர்த்தக அமைப்பின் மாநாடு விவசாய ஏற்றுமதி மானியங்களை ஒழிக்கத் தீர்மானித்தது. உணவை இறக்குமதி செய்யும் வளர்முக நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருப்பதால், சந்தைப்படுத்தற் செலவுக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் உதவ எமக்கு 2030ஆம் ஆண்டின் இறுதிவரை இடம் அளிக்கப்பட்டுள்ளது. எனவே, அரசாங்கம் விலையைத் தாங்குவதிலும் பார்க்கச் செய்கையையும் தரத்தையும் உயர்த்துதற்கே உதவும் என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கைப்பணமும் காத்திருத்தலும்

இணைமானியத்திற் பலர் இடர்ப்படும் இடம் ஒன்றுண்டு. மானியப் பணம் முற்கூட்டியே முழுவதுமாகக் கையில் வருவது அரிது. குழு முதலிற் செலவு செய்து, பற்றுச்சீட்டுக்களைச் சமர்ப்பித்து, உத்தியோகத்தர் வேலையைப் பார்வையிட்ட பின்னரே பணம் பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுக்கப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 20 பேர் கொண்ட குழு ஒன்று 40 இலட்சம் ரூபா செலவிற் பொதிசெய்யும் நிலையம் அமைக்கின்றது. அரசாங்கப் பங்கு 20 இலட்சம். குழுவின் பங்கு 20 இலட்சம், அதாவது ஆளுக்கு 1 இலட்சம். அரசாங்கப் பங்கு ஆறு மாதங் கழித்தே வருமாயின், அந்த 20 இலட்சத்தையும் அதுவரை எங்கேனும் பெறுதல் வேண்டும். ஆண்டுக்கு 15 வீத வட்டிக்கு வாங்கினால் ஆறு மாத வட்டி 1 இலட்சத்து 50,000 ரூபாவாகும். ஆளுக்கு இது 7,500 ரூபா. ஆகவே ஒவ்வொருவரும் இடும் உண்மையான முதல் 1 இலட்சத்து 7,500 ரூபாவாகும். விண்ணப்பத்திற் காணப்படாத இச்சிறு தொகையே, நகையை அடகுவைத்துப் பங்கு செலுத்திய குடும்பத்துக்குப் பெருஞ் சுமையாக முடியும்.

நூறு கிலோகிராமின் கணக்கு

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. ஆயினும் ஏற்றுமதிக்கு உழுகிறவன் கணக்குப் பாராவிடின் நிலமும் மிஞ்சாது. மேற்கூறிய குழு பாகற்காய் அனுப்புவதாகக் கொள்வோம். விலைகள் யாவும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையே.

உள்ளூர்ச் சந்தையிற் கிலோகிராம் 150 ரூபா. 100 கிலோகிராமையும் தரம்பிரியாது விற்றாற் கிடைப்பது 15,000 ரூபா. ஏற்றுமதியாளர் கொடுக்கும் விலை 220 ரூபா. இதனைக் கேட்டவுடன் கிலோகிராமுக்கு 70 ரூபா இலாபமெனத் தோன்றும். ஆனால் ஏற்றுமதியாளர் 100 கிலோகிராமையும் ஏற்பதில்லை. வளைந்தவை, முற்றியவை, பூச்சி தொட்டவை என்பன ஒதுக்கப்படும். ஒதுக்கியவற்றை உள்ளூரிற் குறைந்த விலையில், 100 ரூபாவுக்கு, விற்க நேரிடும். தரம்பிரித்துப் பொதிசெய்யும் மேலதிகச் செலவு 100 கிலோகிராமுக்கு 1,000 ரூபா.

60 கிலோகிராம் ஏற்கப்பட்டால்: 13,200 ரூபாவும் 4,000 ரூபாவும் சேர்ந்து 17,200 ரூபா. செலவு போக 16,200 ரூபா. உள்ளூர் விற்பனையிலும் மேலாகக் கிடைப்பது 1,200 ரூபா.

40 கிலோகிராம் மாத்திரம் ஏற்கப்பட்டால்: 8,800 ரூபாவும் 6,000 ரூபாவும் சேர்ந்து 14,800 ரூபா. செலவு போக 13,800 ரூபா. ஏற்றுமதியால் வந்த நட்டம் 1,200 ரூபா.

80 கிலோகிராம் ஏற்கப்பட்டால்: 17,600 ரூபாவும் 2,000 ரூபாவும் சேர்ந்து 19,600 ரூபா. செலவு போக 18,600 ரூபா. மேலாகக் கிடைப்பது 3,600 ரூபா.

இக்கணக்கின்படி 50 கிலோகிராமே எல்லைக்கோடு. அதற்குக் கீழ்ப்பட்டால் ஏற்றுமதி செய்யாதிருத்தலே நன்று. இனி, ஒவ்வொருவரும் இட்ட 1 இலட்சத்து 7,500 ரூபாவை மீட்பதற்கு, நூற்றுக்கு அறுபது ஏற்கப்படுமிடத்து ஆளுக்கு ஏறக்குறைய 9,000 கிலோகிராம் விளைவித்தல் வேண்டும். நூற்றுக்கு எண்பது ஏற்கப்பட்டால் ஏறக்குறைய 3,000 கிலோகிராம் போதும். பொதிசெய்யும் நிலையத்தை மானியம் கட்டித் தரலாம். அறுபதை எண்பதாக்குவது தோட்டத்தில் நடைபெறும் வேலையேயாம். அதனைக் கமக்காரர் தவிர வேறெவரும் செய்தல் இயலாது.

ஒருவர் தவறு ஊரார் நட்டம்

புதிய பழங்களும் மரக்கறிகளும் ஐரோப்பிய ஒன்றியத்துட் செல்லுங்கால் தாவர சுகாதாரச் சான்றிதழுடன் செல்லுதல் வேண்டுமென்னும் விதி 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 14ஆந் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், டூரியன், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கே விலக்குண்டு. எமது நாட்டில் இச்சான்றிதழை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவை வழங்குகின்றது.

பழ ஈயின் புழு, பனிப்பூச்சி, வெண் ஈ, இலையினுட் சுரங்கமிடும் புழு ஆகியவை பொதியிற் காணப்பட்டாற் பொருள் மறுக்கப்படும் அல்லது அழிக்கப்படும். ஒருவர் பொதியோடு அது முடிவதுமில்லை. 2013ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து வந்த 207 பொதித்தொகுதிகளிற் பழ ஈ முதலிய பீடைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதன் விளைவாக, 2014ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி தொடக்கம் அந்நாட்டின் மாம்பழம், பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. மாம்பழத் தடை 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கிற்று. மரக்கறித் தடை அதன்பின்னும் நீடித்தது. தவறு செய்தவரும் செய்யாதவரும் ஒருங்கே சந்தையை இழந்தனர்.

பாகல், புடோல், பீர்க்கு முதலியவற்றிற் பழ ஈயைக் கட்டுப்படுத்தப் பின்வருவனவற்றைச் செய்க:

1. விழுந்த காய்களையும் குத்துப்பட்ட காய்களையும் நாடோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் அல்லது இறுகக் கட்டிய பொலித்தீன் பையிலிட்டு வெயிலில் வைத்தல். வேலியோரம் எறிதலாகாது.
2. பிஞ்சுப் பருவத்திலேயே காய்களைக் கடதாசி உறையால் மூடுதல்.
3. ஆண் ஈக்களைக் கவரும் பொறிகளை வைத்தல். பூசணிக் குடும்பத்துப் பயிர்களுக்கு உரிய கவர்பொருள் வேறு. மா, கொய்யாவுக்கு உரியது வேறு.
4. அயல் தோட்டத்தாருடன் ஒரே காலத்தில் இவற்றைச் செய்தல். ஒருவர் மாத்திரம் செய்வதாற் பயன் சிறிதே.

நஞ்சின் எச்சம்

ஒரு பீடைநாசினிக்குத் தனியான எல்லை வகுக்கப்படாதவிடத்து, ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் எச்சம் ஒரு கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம் ஆகும். 100 தொன் மரக்கறியில் ஒரே ஒரு கிராம் நஞ்சு இருத்தற்கு இது சமனாகும். கழுவுதலால் இவ்வளவுக்குக் குறைத்தல் இயலாது. சிட்டையில் விதித்துள்ள அளவையே பயன்படுத்துதலும், இறுதியாக மருந்து தெளித்ததற்கும் அறுவடைக்கும் இடையே விதித்த நாட்களைக் கடைப்பிடித்தலும் இன்றியமையாதன. தெளித்த திகதி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 1523ஆம் இலக்கக் கட்டளைக்கு அமைந்த நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கும் இக்குறிப்பேடே அடிப்படையாகும்.

நெற்செய்கையாளருக்கும் இது பொருந்தும். பாரம்பரிய நெல்லினங்களின் அரிசி சிறு அளவிற் பிறநாடு செல்கின்றது. எரிபந்த நோய்க்குப் பயன்படும் திரைசைக்கிளசோல் என்னும் பங்கசுநாசினிக்கு அரிசியில் இருந்த எல்லையை ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டின் இறுதியில் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. அதுவரை குற்றமற்றதாயிருந்த அரிசி அதன்பின் ஏற்கத்தகாததாயிற்று. எனவே, வாங்குவோர் நாட்டின் விதியை ஒவ்வொரு போகத்துக்கும் விதைப்புக்கு முன்னரே கேட்டறிதல் நன்று.

விண்ணப்பிக்குமுன் ஆராயவேண்டியவை

1. வாங்குவோர் யார்? அளவு, தரம், விலை, பணஞ் செலுத்தும் நாள் ஆகியவை எழுத்தில் உண்டா? வாங்குவோரின்றிக் கட்டிய நிலையம் வெறுங் கொட்டிலே.
2. குழு சட்டப்படி பதிவு செய்யப்பட்டுள்ளதா? அதன் பெயரில் வங்கிக் கணக்கும் ஒழுங்கான கணக்கேடும் உண்டா? 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமக்காரர் அமைப்பாகப் பதியலாம்.
3. தற்போது தோட்டத்திலிருந்து வரும் 100 கிலோகிராமில் எத்தனை தேறும்? மூன்று அறுவடைகளை நிறுத்துப் பார்த்து எழுதுக.
4. மானியப் பணம் தாமதித்தால் ஆறு மாதம் தாங்கும் வழி உண்டா?
5. மின்சாரக் கட்டணத்தையும் பழுதுபார்க்குஞ் செலவையும் மானியம் முடிந்தபின் யார் செலுத்துவார்?

இவற்றுள் மூன்றாம் வினாவுக்கு விடை ஐம்பதுக்குக் குறைவாயின், அவ்வாண்டில் விண்ணப்பிப்பதைப் பிற்போட்டு, பழ ஈக் கட்டுப்பாட்டையும் குறிப்பேட்டையும் முதலில் ஒழுங்குபடுத்துதல் வேண்டும். இது தோல்வியன்று. சாக்கிற் கட்டாது பிளாத்திக்குக் கூடைகளில் அடுக்குதலும், காலைக் குளிர்ச்சியில் அறுவடை செய்து நிழலில் வைத்தலும், உறையிடலும் மானியமின்றியே செய்யக்கூடியவை. அவை உள்ளூர்ச் சந்தையிலும் நல்ல விலையைத் தரும்.

மானியத் திட்டங்கள் குறித்த காலத்துக்கே நடைபெறுவன. ஒன்று முடியப் பிறிதொன்று பிறிதொரு பெயருடன் வரும். அறிவித்தல் வெளிவரும் நாளிற் பதிவும், குறிப்பேடும், கையிருப்பும், தேர்ந்த விளைச்சலும் உடைய குழுவே பயன்பெறும். நடைமுறையிலுள்ள திட்டங்கள் பற்றியும் சான்றிதழ்கள் பற்றியும் அறிய விரும்பும் கமக்காரர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுவாராக.