கசப்புக்கும் ஓர் இலக்கணம்

சுவை ஆறு என்று வகுத்த நம் முன்னோர், கைப்பையும் அவற்றுள் ஒன்றாகவே எண்ணினர், குற்றமென்று ஒதுக்கவில்லை. பாவற்காயையும் வேப்பம்பூ வடகத்தையும் விரும்பி உண்பவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. ஆயினும் எந்தக் குழந்தையும் கசப்பை விரும்பிப் பிறப்பதில்லை. இனிப்பு இயல்பாக வருவது. கசப்போ பயின்று அறிவது. ஒரு மக்களின் சுவைப் பயிற்சியை அறிய விரும்பினால், அவர்கள் எந்தக் கசப்பைப் போற்றுகிறார்கள் என்று கேட்பதே நேரான வழி.

ஆங்கிலேயர் போற்றும் கசப்பு ‘பிட்டர்’ என்ற பானத்தில் இருக்கிறது. கசப்பு என்பதே அதன் பெயர். அதனினும் வலியது ‘ஸ்ட்ராங் பிட்டர்’. இதைப் பற்றி எழுதுவதால் குடியைப் போற்றுகிறேன் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. தோட்டத்து லயங்களில் குடி எத்தனை அடுப்புகளை அணைத்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். இங்கே என் கருத்தைக் கவர்ந்தது குடியன்று. அதை மதிப்பிடும் முறை.

பார்லியை முளைக்கவைத்து உலர்த்தி, அதன் இனிய சாற்றை ஹொப் என்னும் கொடியின் பூக்களோடு காய்ச்சி, ஈஸ்ட் இட்டு நொதிக்க வைப்பது ஏல். அதன் இனிப்பு பார்லியின் கொடை. கசப்பு ஹொப்பின் கொடை. ஹொப் பானம் கெடாமலும் காக்கும். அதனாலேயே இந்தியாவுக்குக் கப்பலேறிய ஏலில் அதை மிகுதியாக இட்டனர். வெளிர்நிற ஏல்களின் வழியில் வந்த பானத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடிப்போரே ‘பிட்டர்’ என்று அழைக்கலாயினர். 1971இல் லண்டன் சிசிக்கிலுள்ள ஃபுல்லர் ஆலை ‘ஈ.எஸ்.பி.’ என்ற பெயரில் ஒரு வலிய பிட்டரை வெளியிட்டது. பீப்பாயிலேயே முதிரும் ஏலைக் காக்கும் இயக்கம் ஒன்றும் அதே ஆண்டில் தோன்றியது. 1978, 1981, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவ்வியக்கத்தின் முதற்பரிசை அந்த பிட்டர் பெற்றது.

நம் மலைநாட்டுக்கும் இதற்கும் உறவு உண்டு. 1881இல் நுவரெலியாவில் பியர் ஆலை ஒன்று எழுந்தது. குளிர்ந்த மலைக்காற்றும் தெளிந்த நீரும், ஊரை நினைத்து ஏங்கிய துரைமாரின் தாகமும் அதற்குத் துணை நின்றன. 1990களின் இறுதியில் அந்த உற்பத்தி பியகமைக்கு இறங்கிவிட்டது. ஆயினும் கரிய ஸ்டௌட்டைக் கைப்பம்பினால் இறைத்து வார்க்கும் ஆங்கில வழக்கம் கண்டி நகரில் நெடுங்காலம் இருந்தது. பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் அதைக் குறிப்பிட்டு, அந்த ஸ்டௌட்டை உலகின் சிறந்த பியர்களோடு வைத்துப் பாராட்டினார். உலகத்துப் பியர்களை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் இனத்துள் வைத்துச் சுவைக்க வேண்டும் என்று 1977இல் வந்த தம் நூலில் வழிகாட்டியவர் அவரே. 2007இல் அவர் மறைந்தார்.

அந்த வழியை நடைமுறையில் காணும் வாய்ப்பு பேராதனையில் எனக்குக் கிட்டியது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் ஸ்ட்ராங் பிட்டர் ஒரு போத்தல் கொணர்ந்திருந்தார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அதை அவர் திறக்கவில்லை. சற்று நேரம் வெளியே வைத்தார். பத்து முதல் பதின்மூன்று பாகை வெப்பத்தில்தான் அதன் மணம் வாய் திறக்குமாம். உடனிருந்த மற்றொரு நண்பர் ஒரு மிடறு பருகிவிட்டு, “குளிரும் இல்லை, நுரையும் இல்லை, ஒரே கசப்பு. இதற்கா இத்தனை ஆரவாரம்?” என்றார். அவர் பழகியது பனிபோல் குளிர்ந்த லாகர் பியர்.

“நீங்கள் சொல்வது சரிதான், லாகராக இருந்தால்!” என்று சிரித்தார் போத்தல் கொணர்ந்தவர்.

பின்னர் நடுவர் முறையை விளக்கினார். 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர் திட்டத்தில் மொத்தப் புள்ளி ஐம்பது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் திண்மைக்கு 5, முழுமைக்கு 10. ஸ்ட்ராங் பிட்டருக்கு மதுச்சத்து நூற்றுக்கு 4.6 முதல் 6.2 வரை, கசப்பு முப்பது முதல் ஐம்பது அலகு வரை. நுரையும் வாயுவும் குறைந்திருப்பது அங்கே குற்றமன்று, இலக்கணம்.

முறைப்படி தொடங்கினோம். நிறம் துலக்கிய செம்பு, குறையொன்றுமில்லை. மணத்தில் பாகும் பழமும் கலந்திருந்தன. ஹொப்பின் மண்வாசனை மட்டும் நெடும்பயணத்தில் மங்கியிருந்தது. நாவில் முதலில் பார்லியின் இனிப்பு, அதைத் தொடர்ந்து கசப்பு; ஒன்றையொன்று அடக்காமல் இரண்டும் நின்றன. விழுங்கிய பின்னும் கசப்பு சற்றுநேரம் தங்கி, பின்பு சுத்தமாக உலர்ந்தது. பியர் நடுவர் துப்புவதில்லை. தொண்டையில் எஞ்சும் கசப்பையும் எடைபோட்ட பிறகே அவர் தீர்ப்பளிப்பார். நாங்கள் இட்ட புள்ளி 37. அது ‘மிக நன்று’ என்னும் வகுப்பின் மேல்வரம்பு. லாகர் நண்பரும் அதற்கு உடன்பட்டார். ஆனால் தமக்குப் பிடிக்கவில்லை என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடிப்பது வேறு, மதிப்பது வேறு என்பது அப்போது எங்களுக்குத் தெளிவாயிற்று.

இந்த நீதி மலையகத்துக்குப் புதிதன்று. கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள்முதல், தேநீரைச் சுவைத்து மதிப்பிடும் கலையும் இங்கே வளர்ந்திருக்கிறது. இரண்டாயிரம் அடிக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை. நாலாயிரம் அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. இடைப்பட்டது கண்டித் தேயிலை. தாழ்நிலத்தது கறுத்துக் கனத்திருக்கும். நுவரெலியாவினது வெளிறி மணக்கும். கண்டித் தேயிலையில் நுவரெலியாவின் மணம் இல்லையே என்று தேர்ந்த சுவைஞர் புள்ளி குறைப்பாரா? குறைத்தால் அவரை எவரும் சுவைஞர் என்று ஒப்புவதில்லை.

தேயிலைக்கும் ஏலுக்கும் கிடைக்கும் இந்த நீதி நம் பிள்ளைகளின் எழுத்துக்குக் கிடைக்கிறதா என்பதே என் கவலை. கட்டுரைப் போட்டியொன்றில் தோட்டத்துச் சிறுவன் ஒருவன், தன் தாய் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்பதைப் பற்றி எழுதியிருந்தான். அந்தச் சொல்லின் கீழ் ஒரு பரீட்சகர் செங்கோடு இழுத்திருந்ததை நான் கண்டேன். யாழ்ப்பாணத்துச் செவிக்குப் பழகாத சொல் என்பதைத் தவிர அதில் குற்றம் எதுவும் இல்லை. தாய் நின்ற இடத்துக்கு அந்தச் சிறுவனிடம் வேறு சொல் ஏது? ‘லயம்’, ‘கொழுந்து’, ‘கங்காணி’ ஆகியவை ஒன்றரை நூற்றாண்டு வாழ்வை உள்ளடக்கிய சொற்கள். அவற்றைத் திருத்தினால் அந்த வாழ்வையே அடித்துவிடுகிறோம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தது, அவற்றை அவற்றின் நிலத்திலேயே வைத்துக் கேட்கத் தெரிந்ததனால் அன்றோ?

இனமறிந்து மதிப்பிடுவது குற்றத்தை மறைப்பது ஆகாது. புளித்துப்போன பிட்டரை எந்த நடுவரும் மன்னிப்பதில்லை. அவ்வாறே சோர்ந்த வாக்கியத்தையும் பொய்யான உணர்ச்சியையும் எந்த வட்டாரத்து எழுத்திலும் நாம் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் இந்த எழுத்து எதுவாக இருக்க முயல்கிறது என்ற கேள்வி முதலில் எழட்டும். செம்மைப் பேனா அதன்பின் திறக்கட்டும். மலையகத் தமிழின் கசப்பும் ஒரு சுவையே. அதைப் பயின்று அறியவேண்டியது, மதிப்பிட அமர்ந்திருக்கும் நம் கடன்.