பாப்பாவின் தூக்கத்துக்கு ஒரு வரிசை: விடுப்பு முடிந்து திரும்பும் ஆசிரியர்களுக்கு

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கருத்தறிதல் பயிற்சி, வாய்மொழித் தேர்வுக்கான படங்கள், பயிற்சித் தாள்கள் என்றுதான் வரும். இந்த முறை கொஞ்சம் வேறு விஷயம். நம்மில் முப்பதுகளில் இருக்கும் ஆசிரியர்கள் நிறைய பேர். பயிலரங்கில் தேநீர் இடைவேளையில் நின்றால், பாடத்திட்டத்தைப் பற்றி ஆரம்பிச்ச பேச்சு ஐந்தே நிமிடத்தில் "உங்க பாப்பா ராத்திரி தூங்குதா?" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் மகப்பேறு விடுப்பு 16 வாரம். அதை ஒரே மூச்சில் எடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பும்போது பாப்பாவுக்கு நான்கு மாதம் நெருங்கியிருக்கும். குழந்தையின் தூக்கம் அடியோடு மாறுவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். விடிவதற்கு முன்பே எழுந்து, காலை வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நிற்க வேண்டியவருக்கு இது சாதாரண விஷயமில்லை.

பிறந்த குழந்தைக்குப் பகல், இரவு தெரியாது. வயிறு சிறியது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் சொல்லப்பட்டிருக்கிறது. பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான். ஆக, மொத்தத் தூக்கம் குறைவில்லை. அது துண்டு துண்டாக வருவதுதான் நம்மை வாட்டுகிறது. முதல் இரண்டு மாதத்தில் எந்த வழக்கத்தையும் திணிக்க வேண்டாம். காலையில் திரைச்சீலையைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள், ராத்திரி பால் கொடுக்கும்போது பெரிய விளக்கைப் போடாதீர்கள், பேச்சைக் குறையுங்கள். அந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

இரண்டாம், மூன்றாம் மாதவாக்கில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் மெல்ல ஓடத் தொடங்குகிறது. இருட்டினால் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் அப்போதுதான் ஒழுங்காகச் சுரக்க ஆரம்பிக்கும். வழக்கத்தைத் தொடங்க நல்ல நேரம் அது. நமக்கு இங்கே ஒரு வசதியும் உண்டு. நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. ஐரோப்பாவில் கோடைகாலத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்குமாம், பாவம் அந்தப் பெற்றோர்கள். நமக்குச் சூரியனே தினமும் ஒரே நேரத்தில் மணியடிக்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அது மறைந்தவுடன் வரவேற்பறையில் எல்லா விளக்கையும் போட்டு, தொலைக்காட்சியைப் போட்டு, ஒன்பதரைக்குப் பாப்பாவைக் கொஞ்ச வரும் சித்தப்பாவுக்காக முழிக்க வைக்கிறோம்!

இது நம் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வு 17 நாடுகள், வட்டாரங்களைச் சேர்ந்த 29 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளின் தூக்கத்தைப் பெற்றோரிடம் கேட்டு ஒப்பிட்டது. சிங்கப்பூரும் அதில் உண்டு. நியூசிலாந்தில் குழந்தைகள் சராசரியாக 7.27க்குப் படுக்கின்றன, ஹாங்காங்கில் 10.17க்கு. பொதுவாகவே ஆசிய வட்டாரங்களில் பிள்ளைகள் தாமதமாகப் படுத்து, மொத்தத்தில் குறைவாகத் தூங்கின.

அந்த ஆய்வை நடத்திய ஜோடி மின்டெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2009இல் செய்த இன்னோர் ஆய்வுதான் நமக்கு நேரடியாக உதவும். 405 தாய்மார்கள் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினர் வழக்கம்போலவே பிள்ளையைத் தூங்க வைத்தார்கள். மற்றவர்கள் இரண்டு வாரம் தினமும் மூன்றே காரியம் செய்தார்கள்: குளியல், உடம்பைத் தடவிவிடுதல், பிறகு அமைதியாகக் கொஞ்சுவது அல்லது பாடுவது. குளியல் முடிந்து அரை மணி நேரத்துக்குள் விளக்கு அணைக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கின, இரவில் விழிப்பது குறைந்தது, அம்மாக்களின் மனநிலையும் தேறியது. (இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது குழந்தை சோப்பு விற்கும் நிறுவனம். அதனால் எந்தப் புட்டி வாங்குவது என்பதை விட்டுவிட்டு, வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

வரிசை என்ற சொல்லைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிறைய பேர் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். 7.30க்குத் தூங்கலைன்னா பதற்றம், அந்தப் பதற்றம் பிள்ளைக்கும் தொத்திக்கொள்ளும். பாப்பாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் இதற்குப் பிறகு இது வரும் என்பது தெரியும். வகுப்பில் நாம் உள்ளே நுழைந்து, எழுந்து வணக்கம் சொல்லி, தேதி எழுதி, நூலை எடுப்பதற்குள் உயர்நிலை இரண்டு மாணவர்களே அடங்கிவிடுகிறார்கள். ஒன்றுக்கும் அதட்ட வேண்டியதில்லை. அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது.

சரி, ஒரு சாதாரண மாலையை எடுத்துக்கொள்வோம். பாப்பாவைப் பராமரிப்பு நிலையத்திலிருந்தோ பாட்டி வீட்டிலிருந்தோ ஆறரைக்கு அழைத்து வருகிறீர்கள். வரும் வழியில் காரில் பத்து நிமிடம் தூங்கிவிட்டால் அப்புறம் ஒன்பது மணி வரை ஆட்டம்தான், அதனால் அந்தப் பத்து நிமிடம் பேசிக்கொண்டே வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருங்கள், பகல் முழுவதும் பார்க்கவில்லையே. ஏழு மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். பிறகு தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கையில் தேய்த்து, கால், முதுகு, உள்ளங்கை என்று தடவிவிடலாம். நம் பாட்டிமார் செய்ததுதான், ஆனால் மெதுவாக. மூக்கைப் பிடித்து நீவுவது, தலையைக் குலுக்குவது எல்லாம் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலம் கைக்குழந்தைக்குக் கூடாது. சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு நல்லதில்லை. வாசனைக்காகத்தான் என்றால் வெள்ளிக்கிழமை சாமி அறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எண்ணெய் தடவி முடிந்ததும் அறைக்குப் போய்விட வேண்டும், மீண்டும் வரவேற்பறைக்கு வரக்கூடாது. சின்ன மஞ்சள் விளக்கு போதும். பால், ஏப்பம், பாட்டு, படுக்கை. பாலுக்கும் படுக்கைக்கும் நடுவில் பாட்டு இருப்பது முக்கியம். பால் குடித்துக்கொண்டே தூங்கிப் பழகிய பிள்ளை, நடுராத்திரி லேசாக விழிக்கும்போதெல்லாம் பாலைத் தேடும். கைக்குழந்தையின் தூக்கச் சுற்று ஐம்பது, அறுபது நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கொஞ்சம் விழிப்பு வரும். கண் சொருகும் நேரத்தில், முழுசா தூங்கிப்போகும் முன் படுக்கையில் கிடத்திப் பழக்கினால், அந்தச் சின்ன விழிப்பில் தானே மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். முதல் சில நாள் அழும். தட்டிக்கொடுங்கள், தூக்குங்கள், திரும்பக் கிடத்துங்கள். அழவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொன்று: தூக்கத்திலேயே முனகுவது, கையைக் காலை உதறுவது, முகம் சுளிப்பது எல்லாம் கைக்குழந்தைக்கு இயல்பு. சத்தம் கேட்டவுடன் பாய்ந்து தூக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பல நேரம் அது விழிக்கவே இல்லை.

இப்போது ஏணை. எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. சேலையோ சாரோங்கோ கட்டி, மேலே ஸ்பிரிங் மாட்டி ஆட்டும் ஏணையை நம்மைப் போலவே மலாய்க்காரர்களும் சீனர்களும் இங்கே பயன்படுத்துகிறார்கள். பிள்ளை உடனே தூங்கும், மறுக்க முடியாது. சிக்கல் வேறு. துணி வளைந்து தொங்குவதால் பாப்பாவின் தாடை நெஞ்சில் போய் முட்டும், கழுத்துப் பலம் இல்லாத வயதில் மூச்சுப் பாதை மடங்கக்கூடும். முகம் துணியில் புதையலாம். புரளத் தொடங்கிவிட்டால் விழும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. குழந்தை மருத்துவர்கள் சொல்வது தெளிவானது: உறுதியான, தட்டையான மெத்தை, மல்லாக்கப் படுக்க வைப்பது, தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல். முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் குழந்தை இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. தலை உருண்டையாக வரணும்னு குப்புறப் போடுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் மட்டும் சமரசமே கிடையாது.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மையான கேள்வி. "அத்த, நீங்க செய்றது தப்பு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவர் ஏணையில் போட்டு நாலு பிள்ளையை வளர்த்தவர். "அத்த, எண்ணெய் தேய்க்கிறதும் பாட்டுப் பாடுறதும் உங்களுக்குத்தான் நல்லா வரும். அத நீங்க பாத்துக்குங்க. படுக்க மட்டும் கட்டில்ல போடுவோம், டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றால் அவருக்கு வரிசையில் ஒரு பெரிய இடம் கிடைக்கிறது. ஏணைக்குப் பழகிய பிள்ளைக்கு முதலில் இரவுத் தூக்கத்தைக் கட்டிலுக்கு மாற்றுங்கள். பகலில் ஏணை கொஞ்ச நாள் தொடர்ந்தாலும், ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், தூங்கியதும் எடுத்துக் கட்டிலில் கிடத்திவிட வேண்டும்.

பாட்டைப் பற்றித் தமிழாசிரியர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டுமா? தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று வகுப்பில் விளக்கியிருப்போம். பிள்ளைத்தமிழில் மூன்றாவது பருவமே தாலப்பருவம். ஆனால் வீட்டில் கைப்பேசியில் மழைச் சத்தத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் இரு வேறு ஒலிகளை, நம் த, ட போன்ற வேறுபாட்டை, எளிதாகப் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் போய்விட்டது, காதில் விழாத ஒலி என்பதால். உயர்நிலைப் பள்ளியில் ல, ள, ழ திருத்தித் திருத்திக் களைத்துப் போகிறவர்கள் நாம். பகல் முழுவதும் பராமரிப்பு நிலையத்தில் ஆங்கிலமே கேட்கும் பிள்ளைக்கு, இருட்டில் தினமும் பத்து நிமிடம் ஒரே குரலில் தமிழ் கேட்பது சின்னதில்லை. பாட வராதவர்கள் பேசலாம். இன்று என்ன நடந்தது என்று மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் குரலை அது மதிப்பெண் போட்டுப் பார்க்காது!

பள்ளிக்குத் திரும்பும் அம்மாவால் மட்டுமே செய்யக்கூடிய வழக்கமாக இது ஆகிவிடக்கூடாது. பெற்றோர் சந்திப்பு நாள் இருக்கும், மாணவர் முகாம் இருக்கும், ஆண்டிறுதியில் தாள் கட்டுகள் வந்து குவியும். அன்றைக்கும் பாப்பா தூங்கியாக வேண்டும். ஐந்து வரியில் வரிசையை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அப்பா, பாட்டி, பணிப்பெண் யார் செய்தாலும் அதே வரிசை, அதே விளக்கு. பணிப்பெண் தன் மொழியில் பாடினாலும் பரவாயில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளின் தகுதிபெறும் அப்பாக்களுக்கு நான்கு வார விடுப்பு உண்டு. அதை முதல் மாதத்திலேயே தீர்த்துவிடாமல், முதலாளியோடு பேசி இரண்டு வாரத்தையாவது அம்மா பள்ளிக்குத் திரும்பும் சமயத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

தடுப்பூசி போட்ட நாள், சளி, பல் முளைக்கும் நேரம், தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தினர்: வரிசை குலையும். குலையட்டும், இரண்டு நாள் கழித்து மறுபடி குளியலிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, இது வழக்கத்தால் தீரும் பிரச்சினை இல்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதேபோல, பாப்பா தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்தே கிடந்தால், பலதுறை மருந்தகத்தில் அதைச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

விடுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே இந்த வரிசையைத் தொடங்கிவிட்டால் நல்லது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு மூன்று மாலையாவது, அப்பாவிடமோ பாட்டியிடமோ முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே போய் நடந்துவிட்டு வாருங்கள். கைப்பேசியை எடுத்துப் போகலாம், ஆனால் அவர்கள் கூப்பிடும்வரை நீங்கள் கூப்பிடாதீர்கள்.