ஊவா மலையில் யந்திரம் – 11: உருளையும் மூடியும்

காப்பியை இலைத்துரு நோய் தின்றதும் துரைமார் தேயிலைக்கு மாறியதும் சென்ற வாரத்தோடு தீர்ந்தன. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும்.

தேயிலை ஸ்டோருக்குள் மரணம் எங்கே நின்றது என்று சொல்வதாக வாக்களித்திருந்தேன். நீர்ச்சக்கரமோ நீராவி என்ஜினோ சுழற்றுகிற ஒரே நீண்ட இரும்புத் தண்டு கட்டடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மேலே ஓட, அதிலிருந்து இறங்கிய பெல்ட்டுகளால் ரோலர் முதலான யந்திரங்களெல்லாம் இயங்கின. கழன்ற பெல்ட்டை ஓட்டத்திலேயே கையால் மாட்டப்போகிறவனுடைய தோள்துண்டின் நுனி அந்தத் தண்டில் ஒருமுறை சுற்றிக்கொண்டால், என்ஜின்காரன் காதில் கூக்குரல் விழுந்து அவன் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதை விரிவாக எழுத உட்கார்ந்தவனை வேறொரு செய்தி பிடித்துக்கொண்டது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தம் பங்களா வராந்தாவில் மேஜை போட்டுக் கையால் கொழுந்தை உருட்டச் செய்த தொழிலை, அஸ்ஸாமில் உருளை யந்திரமாக்கியவர் வில்லியம் ஜாக்ஸன். அந்த யந்திரங்களை வார்த்தெடுத்ததோ, இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ என்னும் சிற்றூரில் கதிரடிக்கும் யந்திரங்களுக்குப் பெயர்பெற்றிருந்த மார்ஷல் கம்பெனி! கதிரடிக்கும் யந்திரத்தின் உச்சியில் நின்று திறந்த வாய்க்குள் கதிரைத் தள்ளுகிறவன் கால் வழுக்கி உள்ளே விழுகிற விபத்துக்கள் பெருகியதனால், அந்த வாயையும் உள்ளிருக்கும் உருளையையும் மூடிக் காக்கவேண்டுமென்று இங்கிலாந்தின் பார்லிமெண்டு 1878-இல் தனியாக ஒரு சட்டமே இயற்றியது. இலங்கையிலோ சுரங்கங்களையும் யந்திரங்களையும் பற்றிய பாதுகாப்புச் சட்டம் 1896-இல்தான் பிறந்தது. விரிவான தொழிற்சாலைச் சட்டத்துக்கு 1942 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் கதிரடிக்கும் யந்திரத்தைக் கருதி அபாயகரமான யந்திரங்கள் சட்டம் வந்தது 1983-இல், அதாவது ஆங்கிலச் சட்டத்துக்கு நூற்றைந்து ஆண்டுகள் கழித்து!

லிப்டன் தம்பேதன்னையில் தொழிற்சாலை எழுப்பிய 1890-இல் ரயில் நானுஓயாவோடு நின்றிருந்தது. அப்புத்தளைக்கு அது வந்தது 1893-இல், பதுளைக்கு 1924-இல். அத்தனை கனமான இரும்பையும் மலைப்பாதையில் இழுத்த மாடுகளைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். ஆசிரியர் அனுமதிக்க மாட்டார். ரயிலுக்குக்கூடக் காத்திராமல் யந்திரத்தை ஏற்றிக் கொணர்ந்த அவசரத்தில் ஒரு பங்காவது அதன்மேல் போடவேண்டிய மூடியில் காட்டப்படவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அந்த மூடியின் விலை தோட்டத்துக் கணக்கில் ஒரு பொருட்டாகவே இருந்திராது.

உயிரிழந்தவனுடைய குடும்பத்துக்கு என்ன கொடுத்தார்கள், 1934-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் லயங்களை எவ்வளவு தூரம் எட்டியது என்பவை அடுத்த வாரத்துக்கு. பசறை, நமுனுகுலை, தெமோதரைப் பக்கத்து ஸ்டோர்களில் பெல்ட் ஓடிய காலத்தில் வேலை செய்த பெரியவர்கள் எவரேனும் இருந்தால், தாம் கண்டதை ஒரு தபால் அட்டையிலாவது எழுதி அனுப்பவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.