குடும்பப் பெயரால் நிற்கும் லிங்கங்கள்

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலை அடுத்த கம்மசந்திராவில் உள்ள கோடிலிங்கேஸ்வரர் ஆலயத்துக்கு வருவோரின் கண்ணில் முதலில் படுவது 108 அடி உயர லிங்கம். அதன் எதிரே 35 அடி நந்தி. ஆயினும், வந்தவர்கள் நெடுநேரம் நிற்பது அங்கல்ல. சுற்றிலும் வரிசை வரிசையாக நிற்கும் லட்சக்கணக்கான சிறு லிங்கங்களிடையே, தங்கள் குடும்பம் நிறுவியது எது என்று தேடித்தான் அவர்கள் நடக்கின்றனர்.

சாம்பசிவமூர்த்தி சுவாமிகள் 1980-இல் தொடங்கிய ஆலயம் இது. உரிய காணிக்கை செலுத்தி, யாரும் தம் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ லிங்கம் நிறுவலாம். சிற்ப சாஸ்திரம் அறிந்தோர் 108 அடி உருவத்தின் கலைநயம் குறித்து முகம் சுளிக்கக்கூடும். ஆனால், முழங்கால் உயரக் கற்கள் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கும் காட்சியை எந்த ஒரு சிற்பியும் திட்டமிட்டு உருவாக்கிவிட முடியாது. பிறந்த குழந்தைக்காக ஒன்று, இறந்த தந்தைக்காக ஒன்று எனக் குடும்பங்கள் சேர்ந்து செதுக்கிய பொதுச் சிற்பம் அது.

தங்கவயல் தமிழருக்கு இதில் தனிப் பொருள் உண்டு. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்கள் பெருமளவில் இங்கு வந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கி உழைத்தனர். வாழ்ந்த வீடு நிறுவனத்துடையது. வெட்டியெடுத்த தங்கமும் அப்படியே. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவதே பலரது அன்றாடமாயிற்று. தலைமுறைகள் உழைத்த மண்ணில் குடும்பத்தின் பெயரால் ஒரு கல் நிற்பது, இவர்களுக்கு வழிபாடு மட்டுமாக இருக்க முடியாது.

தங்கவயலின் நம்பிக்கை வரலாறு சைவத்தோடு முடிவதுமில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் வேரூன்றியது. சுரங்கக் குடியிருப்புகளில் எழுந்த தேவாலயங்களும் அவ்வாறே குடும்பங்களைப் பிணைத்தன.

இந்த வட்டாரத்தில் மனிதர் உருவாக்கிய மற்றொரு பெருங்காட்சி, சயனைடு மலைகள் எனப்படும் கழிவுமண் மேடுகள். தங்கவயலைப் பற்றி தில்லியில் பேசப்படும்போதெல்லாம் கணக்கில் வருவது இவைதான்: 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன் மண். இவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மண்ணில் எஞ்சியுள்ள தங்கத்துக்கு மதிப்பீடு உண்டு. ஆனால், அதைக் குவித்த குடும்பங்கள் நெடுங்காலமாகக் கோரிவரும் வீட்டுரிமை, டன் கணக்கில் அடங்காதது.

கம்மசந்திராவில் மகா சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். ஆலய வளாகத்தில் இரண்டு நாகலிங்க மரங்கள் உள்ளன. வேண்டுதலோடு கட்டப்பட்ட மஞ்சள் கயிறுகள் அவற்றின் அடிமரங்களைச் சுற்றியுள்ளன.