வானம் தரும் வழி

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நிலம் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அது உயர்ந்து நிற்கிறது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். சாமையும் தினையும் மிளகும் காப்பியும் விளையும் அம்மலையின் சிற்றூர்கள் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பரவிக் கிடக்கின்றன. இத்தகைய நிலத்திற்கு இணையத்தைக் கொண்டுசேர்ப்பது எளிய செயலன்று.

மலை தரும் தடை

சமவெளியில் இணையம் இருவழிகளில் வருகிறது. ஒன்று, கண்ணாடி இழை வடம். மற்றொன்று, செல்பேசிக் கோபுரம். வடத்தை மலைமேல் கொண்டுசெல்லப் பாறையையும் காட்டையும் கடக்க வேண்டும். மண்சரிவில் அது அறுபடவும் கூடும். இருபது வீடுகளே உள்ள ஊருக்காக இவ்வளவு செலவிட நிறுவனங்கள் தயங்குகின்றன. கோபுரத்தின் அலைகளோ பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. இடையில் ஒரு குன்று நின்றால், அதன் மறுபுறத்தில் வாழ்வோர்க்கு அலை எட்டுவதில்லை.

இதன் விளைவு வாழ்க்கையில் தெரிகிறது. கல்வி உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு, நிலப் பட்டா, மருத்துவ ஆலோசனை ஆகியன இன்று இணையத்தின் வழியே கிடைக்கின்றன. இணைப்பில்லாத ஊரினர் இவற்றுக்காக ஒருநாள் கூலியை இழந்து வேற்றூர் செல்ல நேரிடும்.

விண்ணில் ஒரு பாதை

பக்கவாட்டில் மலை மறித்தாலும் தலைக்குமேல் வானம் திறந்தே இருக்கிறது. செயற்கைக்கோள் இணையம் இந்த உண்மையின்மீது அமைந்தது. வீட்டுக் கூரையிலுள்ள அலைவாங்கி, பயனரின் வேண்டுகோளைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். செயற்கைக்கோள் அதனைத் தரைநிலையத்திற்கு அனுப்பும். அங்கிருந்து வேண்டுகோள் இணையத்தை அடையும். விடையும் அதே வழியில் திரும்பும்.

தமிழகத்திற்கு இவ்வழி புதிதன்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து, 2004ஆம் ஆண்டு அக்டோபரில் திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் கிராம வள மையங்களைத் தொடங்கின. செயற்கைக்கோள் இணைப்பின் துணையால் உழவரும் மீனவரும் தொலைவிலிருந்த வல்லுநர்களோடு நேருக்கு நேர் பேசினர்.

உயரமும் நேரமும்

புவிநிலைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், புவியிலிருந்து பார்ப்போர்க்கு ஓரிடத்தில் நிற்பனபோலத் தோன்றும். வேண்டுகோள் சென்று விடை திரும்புவதற்குள் அலை அவ்வுயரத்தை நான்குமுறை கடக்கிறது. நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் விரைந்தாலும் ஏறத்தாழ அரைநொடி ஆகிவிடும். உரையாடலின்போது இத்தாமதம் நன்கு உணரப்படும்.

தாழ் புவிச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் இக்குறையைக் களைகின்றன. ஒன்வெப் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. அவ்வுயரத்தில் அலையின் பயண நேரம் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆனால், அவை ஓரிடத்தில் நில்லாமல் விரைந்து கடப்பதால், ஒன்று மறையும்போது மற்றொன்று பணியை ஏற்க வேண்டும். எனவே நூற்றுக்கணக்கானவை தேவைப்படுகின்றன. இவற்றுள் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ஏவூர்தி விண்ணில் செலுத்தியது.

எஞ்சியுள்ள வளைவுகள்

இத்தொழில்நுட்பத்திற்கும் எல்லைகள் உண்டு. அடர்ந்த மரக்கிளைகள் அலையை மறைக்கும்; கனமழை அதனை வலுவிழக்கச் செய்யும்; மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும். இவற்றினும் பெரிய தடை விலை. அலைவாங்கியின் விலையும் மாதக் கட்டணமும் ஓர் எளிய உழவர் குடும்பத்தின் வருவாய்க்கு மிகுதியானவை.

எனினும், ஓர் இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ள இயலும். பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ ஓர் அலைவாங்கியை நிறுவி, அதன் பயனை ஊர் முழுவதற்கும் வழங்கலாம். வடம் செல்லக்கூடிய இடத்திற்கு வடமே சிறந்தது. அது நின்றுவிடும் இடத்திலிருந்து செயற்கைக்கோள் தொடரலாம்.

சென்னையின் மேல் செல்லும் செயற்கைக்கோள் கொல்லிமலையின் மேலும் செல்கிறது. அதன் பயன் மலையின் கடைக்கோடி வீட்டிற்கும் கிட்டுமா என்பதை விலையும் பொதுநலத் திட்டமுமே முடிவு செய்யும்.